தகரக் கொட்டகையில் கிடந்த அப்பாவின் லேத்

பங்குனி மாதக் கடைசி. பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. மோனோபிளாக் பம்பின் ஷாஃப்ட் மேல் இருக்கும் ஸ்லீவ், கிளாண்ட் கயிறு உரசி உரசித் தேய்ந்து, பம்ப் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கன்மெட்டல் குழாயைக் கடைந்து மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால், கோடையில் எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒரே சமயத்தில்தான் பழுதாகும். டவுன் லேத் பட்டறையில் வரிசை. ஆறாவது நாள்தான் ஸ்லீவ் கைக்கு வந்தது. அதற்குள் ஊடுபயிராக நட்டிருந்த வாழைக் கன்றுகள் இலை மடங்கிவிட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தோட்டத்துத் தகரக் கொட்டகையில் ஓர் ஆறடி லேத் 14 வருடமாகக் கிடந்தது. தோட்டக்காரரின் அப்பா கோவையில் பம்ப் பட்டறை ஒன்றில் டர்னராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து போட்டார். அவர் காலமான பிறகு அதன் மேல் சாக்கு, தேங்காய் மட்டை, எலிக்கூடு. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

கொங்குப் பகுதியில் இப்படி ஒரு லேத் கிடப்பது அதிசயமில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். அந்த வழியில் வளர்ந்த பட்டறைகளிலிருந்து கழித்துக் கட்டிய எந்திரங்கள் பல, கிராமங்களில் மூலையில் நிற்கின்றன.

"எடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நாள் குடுங்க தம்பி" என்றார் அப்பாவோடு வேலை பார்த்த பழைய டர்னர்.

"வருமுங்களா மாமா? முழுக்கத் துருங்க."

"துரு நோயில்லீங்க. தேய்மானந்தான் நோயி. அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் பார்த்த முறையை எல்லோரும் தெரிந்துகொள்ளலாம். முதலில் பெட்டிலும் ஹெட்ஸ்டாக்கிலும் வார்ப்பு விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தார். விரிசலில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். அடுத்து, சக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மேலே நெம்பினார். தலைமுடிப் பருமனுக்கு மேல் ஸ்பிண்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இங்கே ஆட்டம் இல்லை. கடைசியாகக் கேரேஜை சக்கின் அருகே கொண்டுவந்து ஆட்டம் இல்லாமல் இறுக்கினார். பிறகு வால் பக்கம் தள்ளினார். பாதி வழியில் இறுகி நின்றது. எப்போதும் வேலை நடப்பது சக்கின் அருகில் என்பதால் பெட் அங்கேதான் தேயும். தேயாத பக்கம் போனதும் பிடிக்கும்.

"நீள வேலைக்கு ஆகாது. ஸ்லீவு, புஷ்ஷு, டிராக்டர் பின்னு... இதுக்கெல்லாம் தாராளமாப் போதும்" என்று தீர்ப்பு வந்தது. விவசாயிக்கு வேண்டியதும் அவ்வளவுதானே! ஹெட்ஸ்டாக் விரிசல் கண்டிருந்தாலோ, உள் கியர்கள் பல் உதிர்ந்து கிடந்தாலோ இரும்புக்காரருக்குக் கொடுப்பதே சரி. பாசத்துக்காகப் பணத்தைக் கொட்டக் கூடாது.

கழற்றும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பாகத்தின் திருகுகளை இன்னொன்றோடு கலக்காமல் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி ஒட்டினார்கள். கல்லூரி படிக்கும் மகன் ஆர்வக்கோளாறில் கிரைண்டரோடு பெட் அருகே போக, மாமா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டின் வழுவழுப்பான தடங்கள்தான் லேத்தின் உயிர். அங்கே கிரைண்டர், முரட்டு உப்புத்தாள் எதுவும் படக் கூடாது. டீசலில் ஊறவிட்டு, பழைய பிளேடைப் படுக்கை வசத்தில் பிடித்துச் சுரண்டி, துணியால் துடைத்தாலே மேல் துரு போய்விடும். கறுப்புப் புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

சிறிய இரும்புப் பாகங்களுக்கு டிராக்டர் பேட்டரி சார்ஜர் உதவியது. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ் கிளிப், எதிரே தொடாமல் நிற்கும் ஓட்டை இரும்புத் தகட்டில் பாசிட்டிவ் கிளிப். இரவு முழுக்க விட்டால் துரு கறுப்புச் சேறாக உதிர்ந்துவிடும். தகடாக எவர்சில்வரைப் போடக் கூடாது, நச்சுப்பொருள் உண்டாகும். எரியும் வாயு வருவதால் திறந்தவெளியில் வைக்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் ஆகாது. சார்ஜரை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். அலுமினியப் பாகம் இதில் போகக் கூடாது என்பது தோட்டக்காரருக்கு ஒரு கைப்பிடி அரித்துப்போன பிறகுதான் தெரிந்தது. எடுத்த பாகங்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எண்ணெய் பூசாவிட்டால் மறுநாள் மறுபடியும் செந்துரு.

மாற்றியவை குறைவு: கிராஸ் ஸ்லைடின் கன்மெட்டல் நட், ஒரு கியர், பெல்ட், 1 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார். எண்ணெயோடு சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. எண்ணெய் 68 கிரேடு. வண்டியில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள கரியும் இரும்புத் துகளும் புஷ்ஷைத் தின்றுவிடும்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம். பம்ப்செட்டுக்குத் தரும் இலவச இணைப்பில் லேத்தை ஓட்டக் கூடாது. இவர் வீட்டு இணைப்பிலிருந்து எர்த்தோடு தனி லைன் இழுத்தார். ஊருக்குக் கூலி வேலை செய்வதானால் அதற்குரிய இணைப்பை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, கிணற்று மோட்டாருக்கு மாட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரை லேத்துக்கு மாட்டவே கூடாது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது சக்கில் கை இருந்தால் என்ன ஆகும்? பட்டனை அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டர்தான் வேண்டும்.

அரை டன்னுக்கு மேல் எடையுள்ள எந்திரம் கோணலாக நின்றால் பெட் முறுக்கிக்கொள்ளும். கொத்தனார் ரசமட்டம் இதற்குப் போதாது. மாமா ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்காமல், 6 அங்குல நீளத்துக்கு மெல்லிசாகச் சீவினார். இரு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.12 மில்லிமீட்டர் வித்தியாசம். வால் பக்கக் காலடியில் மெல்லிய தகடு கொடுத்துக் கொடுத்து 0.03-க்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

ஓட்டும்போது தோளில் துண்டு, லுங்கி, கையுறை, தொங்கும் முந்தானை எதுவும் கூடாது. சுற்றும் சக் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடுவதும் அப்படித்தான். சாவி பறந்து வந்து அடிக்கும். கண்ணாடி அணியாமல் சீவலின் அருகே நிற்கக் கூடாது.

ஆடியில் அவர் தானே ஒரு ஸ்லீவ் கடைந்தார். முதலாவது உள்விட்டம் பெரிதாகிப்போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஷாஃப்ட்டில் ஏற்றியபோது, கொட்டகை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏம்ப்பா, உங்கய்யன் மாதிரியே சத்தம் கேக்குது" என்றார். காம்பவுண்ட் ஸ்லைடின் நட் இன்னும் மாற்றவில்லை. அதற்காக மாமா அடுத்த ஞாயிறு வருகிறார்.