ஒரே குழந்தை... இரண்டு வகை செல்கள்!

மொசைக் தரை பார்த்திருப்பீர்கள். தரை ஒன்றுதான், அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் கலந்து கிடக்கும். சிலருடைய உடம்பும் இப்படித்தான். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் 'மொசைசிசம்'தான்!

நாம் எல்லோரும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள். அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கான செல்களாகப் பெருகுகிறது. செல்லுக்கு 46 குரோமோசோம்கள் என்பது கணக்கு. பிரியும்போது ஒரு செல்லில் கணக்குத் தப்பி 47 ஆகிவிட்டால், அதன் வாரிசுகளும் 47தான். மற்ற செல்கள் 46 உடனேயே வளரும். சிலருக்கு இது நேர்மாறு. முதலிலேயே 47 இருந்து, சில செல்கள் கூடுதலானதை உதறிவிடும்.

கூடுதலாக இருப்பது 21-ஆம் குரோமோசோம் என்றால், அது 'மொசைக் டவுன் சிண்ட்ரோம்'. டவுன் குழந்தைகள் 100 பேரில் சுமார் 2 பேருக்கு இந்த வகை.

''டாக்டர், ரிப்போர்ட்ல 30 சதவீதம்தானே போட்டிருக்கு. அப்ப பயமில்லையே?''

அவசரப்படாதீர்கள்! அது ரத்தத்தில் எண்ணிய சில பத்து செல்களின் கணக்கு. மூளையிலும் இதயத்திலும் அதே விகிதம் இருக்கவேண்டும் என்பதில்லை. சதவீதத்தை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. எனவே இதயத்துக்கு எக்கோ, காது, கண் பரிசோதனை, ஆண்டுதோறும் தைராய்டு டெஸ்ட்... எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து வீட்டில் கிளம்பும் கேள்வி: ''யாரால வந்தது?''

கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. மாமன் மகளைக் கட்டியதாலும் அல்ல. சொந்தத்தில் திருமணம் செய்தால் வேறு சில பரம்பரை நோய்கள் வரலாம், இது அந்தக் கணக்கில் சேராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் மருமகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். செல் பிரிவில் தற்செயலாக நேர்ந்த பிழை இது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் மரபியல் ஆலோசனை பெற்றுக்கொள்வது நல்லது.

செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகக் கவனிக்க வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, குழந்தையைப் பாருங்கள். அது குப்புறிக்கிறதா, உட்காருகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா... டாக்டர் உங்களிடம் கேட்கப்போவதும் அதைத்தான்!