அங்கே மத்தியானம், வீரபாண்டியில் நடுராத்திரி: உலகக் கோப்பை மேட்ச் நேரத்தை முடிவு செய்வது யார்?

வரும் ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மணி 12.30 என்பதால் காலண்டர் கணக்கில் அது திங்கள்கிழமை. திருப்பூர் பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவிலிருந்து உள்ளே போனால், லைன் வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும் நேரம். வார லீவு முடிந்துவிட்டது, காலை 8.30-க்கு கட்டிங் மாஸ்டரில் தொடங்கி கைமடி வரை எல்லோரும் பனியன் கம்பெனிக்குள் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு விசில் ஊதுவார்கள். அங்கே அப்போது ஞாயிறு பிற்பகல் 3 மணி.

ஆட்டம் ஒழுங்காக முடிந்தாலே இங்கே 2.30 ஆகிவிடும். கூடுதல் நேரம், பெனால்டி என்று இழுத்தால் மூன்றரை. உலகக் கோப்பை இறுதியில் முதல்முறையாக இடைவேளையில் இசை நிகழ்ச்சி வேறு வைத்திருக்கிறார்கள்.

கடந்த முறை இப்படி இல்லை. 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவும் பிரான்ஸும் கத்தாரில் மோதிய இறுதிப் போட்டி நமக்கு இரவு 8.30-க்குத் தொடங்கியது. அதுவும் ஞாயிறுதான். பெனால்டி வரை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். இந்த முறை காதர்பேட்டைக் கடைகளில் அர்ஜென்டினா பனியன் வாங்கி மாட்டிக்கொள்கிறவர், அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, ஒரு மூணு மணி நேரம் முன்னாடி வெச்சா என்னவாம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. நமக்கு 9.30 என்றால் நியூஜெர்சியில் நண்பகல் 12. இந்த உலகக் கோப்பையிலேயே அங்கே 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் உண்டு. இறுதிப் போட்டிக்கு மட்டும் அந்த நேரம் கிடைக்காததற்குக் காரணத்தை வெயிலில் அல்ல, டிவிப் பெட்டியில் தேட வேண்டும்.

பிற்பகல் 3 மணி யாருடைய நேரம்?

நியூஜெர்சியில் பிற்பகல் 3 என்றால் லண்டனில் இரவு 8. பாரிஸ், மாட்ரிட், ரோம் நகரங்களில் இரவு 9. ஐரோப்பாவில் குடும்பம் மொத்தமும் டிவி முன் உட்காரும் நேரம் அது. அமெரிக்காவிலோ ஞாயிறு பிற்பகல். விளையாட்டு பார்த்தே பழகிய பொழுது. உலகக் கோப்பைக்கு அதிக ஒளிபரப்புப் பணம் தருகிற இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற கடிகார முள் இது. அரையிறுதிகள் இரண்டும்கூட இதே நேரத்துக்குத்தான், அதாவது நம் நள்ளிரவு 12.30-க்குத்தான். ஆசியாவின் இந்தப் பக்கம் அந்தக் கணக்கில் மிச்சம் விழுந்தது.

இது புதுசும் இல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதல்முறை உலகக் கோப்பை நடந்தபோது, பிரேசில், இத்தாலி மோதிய இறுதிப் போட்டியை கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உச்சி வெயில் 12.30-க்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் அப்போது இரவு 9.30. நமக்கு ராத்திரி 1 மணி. 120 நிமிடம் ஓடியும் கோல் விழவில்லை. பெனால்டியில் பிரேசில் ஜெயித்தது. அதே தொடரில் ஆர்லாண்டோவில் மெக்சிகோ, அயர்லாந்து ஆட்டமும் மதியம் 12.30-க்குத்தான். கொளுத்தும் வெயிலில் அயர்லாந்து வீரர்கள் தண்ணீருக்குத் தவித்தது அப்போது பெரிய சர்ச்சை. ஐரோப்பாவில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்காக, மைதானத்தில் ஓடுகிறவர் வெந்தார் என்பதுதான் விஷயம்.

ஒரே அணி, இரண்டு கடிகாரம்

நேரம் என்ன அவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்துவிடும்? அமெரிக்காவிலேயே இதற்கு அழகான உதாரணம் இருக்கிறது.

2015 மகளிர் உலகக் கோப்பை இறுதி கனடாவின் வான்கூவரில் நடந்தது. அமெரிக்கா 5-2 என ஜப்பானை வென்றது. அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கு அது ஞாயிறு மாலை 7 மணி. ஃபாக்ஸ் சேனலில் சராசரியாக 2.54 கோடிப் பேர் பார்த்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 2019-ல் பிரான்ஸின் லியோனில் அதே அமெரிக்க அணி மறுபடி இறுதிக்கு வந்தது, மறுபடி ஜெயித்தது, அதே ஃபாக்ஸ் காட்டியது. ஆனால் அங்கே காலை 11 மணி. பார்த்தவர்கள் 1.43 கோடி. வேறு காரணங்களும் இருக்கலாம்தான். ஆனால் ஒரு கோடிக்கு மேல் தலை குறைந்ததில் கடிகாரத்தின் பங்குதான் பெரிது.

அதனால்தான் இந்த முறை அமெரிக்க ஆண்கள் அணியின் முதல் ஆட்டத்தை, பராகுவேயுடன் லாஸ் ஏஞ்சலஸில் மாலை 6 மணிக்கு வைத்தார்கள். கிழக்குப் பகுதியில் அது இரவு 9. நாடு முழுக்க வீட்டில் இருக்கும் நேரம்.

அமெரிக்க சேனல்களின் பிடி எவ்வளவு என்பதற்கு இன்னொரு கதை. கத்தார் உலகக் கோப்பையை வெயிலுக்குப் பயந்து நவம்பர், டிசம்பருக்குத் தள்ளியதும், அது அமெரிக்கர்களின் சொந்தக் கால்பந்தான என்எஃப்எல் சீசனோடு மோதியது. உரிமைக்காக ஏற்கெனவே பணம் கட்டியிருந்த ஃபாக்ஸுக்கு அது சங்கடம். 2015-ல் ஃபிஃபா, 2026-க்கான அமெரிக்க உரிமையை ஏலமே விடாமல் அதே ஃபாக்ஸுக்கும், ஸ்பானிய மொழி சேனலான டெலிமுண்டோவுக்கும் கொடுத்தது. கத்தார் மாற்றத்துக்கான சமாதானம் இது என்றுதான் உலகம் பார்த்தது.

விசில் ஊதியது விளம்பரத்துக்காக

கால்பந்துக்கு டிவியில் ஒரு பிறவிக் குறை உண்டு. 45 நிமிடம் நிற்காமல் ஓடும். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை விளம்பரம் போடலாம். விக்கெட் விழுந்தால் இன்னொன்று. கால்பந்தில் இடைவேளையை விட்டால் வழியில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனதற்கு அந்த ஓவர் இடைவெளிகளும் ஒரு காரணம்.

1967-ல் அமெரிக்காவில் சிபிஎஸ் சேனல் லீக் கால்பந்தைக் காட்டத் தொடங்கியபோது இந்தக் குறைக்கு ஒரு 'தீர்வு' கண்டார்கள். டொரண்டோ, பிட்ஸ்பர்க் அணிகள் மோதிய ஓர் ஆட்டத்தில் நடுவர் பீட்டர் ரோட்ஸ் கொடுத்த 21 ஃப்ரீ கிக்குகளில் 11, விளம்பரம் போட வசதியாகக் கொடுக்கப்பட்டவை. இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். அந்த ஒளிபரப்பும் நீடிக்கவில்லை. 1994-ல் பாடம் படித்துக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்தாமல் ஸ்கோர் காட்டும் மூலையில் ஸ்பான்சர் பெயரைப் போட்டார்கள். இன்று நாம் பார்க்கும் எல்லா மேட்சிலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் லோகோ அந்த வழியில் வந்ததுதான்.

2026-ல் என்ன? ஒவ்வொரு பாதியிலும் 22-வது நிமிடத்தில் மூன்று நிமிடம் 'தண்ணீர் இடைவேளை' என்று ஃபிஃபா கடந்த டிசம்பரில் அறிவித்தது. வெயில் அடித்தாலும், குளிரூட்டப்பட்ட மைதானமாக இருந்தாலும், எல்லா 104 ஆட்டங்களிலும். வீரர்களின் உடல்நலத்துக்காக என்பது அதிகாரபூர்வக் காரணம். ஆர்லாண்டோவை நினைத்தால் அதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் ஏசி மைதானத்தில் எதற்கு? 45 நிமிடத்தை நடுவில் சரிபாதியாக வெட்டிக் கொடுத்தால் யாருக்கு லாபம் என்பது விளம்பரம் விற்கிறவருக்கு நன்றாகவே தெரியும். ரோட்ஸ் திருட்டுத்தனமாக ஊதிய விசில், இப்போது அட்டவணையிலேயே ஏறிவிட்டது.

முழித்திருப்பவர் கணக்கில் வருகிறாரா?

இப்போது வீரபாண்டிக்குத் திரும்புவோம். ராத்திரி 12.30-க்கு ஒருவர் மெனக்கெட்டு மேட்ச் பார்க்கிறார் என்றால், அவர் இருப்பது ரேட்டிங்கில் தெரியுமா?

இந்தியாவில் டிவி ரேட்டிங்கை அளப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு. 2015 முதல் வாரந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் பொருத்தப்பட்டவை சுமார் 58,000. அதாவது ஏறக்குறைய 4,000 வீட்டுக்கு ஒரு மீட்டர். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு புதைந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் ரிமோட்டில் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சேனல்கள் சொல்லும் எண்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'இத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தது' என்றால், கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தவரும் அதில் ஒரு தலை. 'சராசரி நிமிடப் பார்வையாளர்' என்பது வேறு. 100 நிமிட ஆட்டத்தில் ஒருவர் 10 நிமிடம் மட்டும் பார்த்தால் முதல் கணக்கில் அவர் 1; இரண்டாவது கணக்கில் 0.1. அமெரிக்காவின் 2.54 கோடி இரண்டாவது வகை. இந்தியாவில் விளம்பரத்தில் முழங்கும் எண்கள் பெரும்பாலும் முதல் வகை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டு அறையில் ஐந்து பேர் தங்கியிருக்கிறார்கள். ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று கால்பந்து வெறி ஊறிய ஊர்களிலிருந்து வந்து ஓவர்லாக்கிலும் அயர்னிங்கிலும் வேலை செய்கிறவர்கள் திருப்பூரில் ஏராளம். அறையில் டிவி கிடையாது. ஒரே செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஐந்து பேரும் பார்க்கிறார்கள். டிவி மீட்டரில் அவர்கள் பூஜ்யம். ஆன்லைன் தளத்தின் கணக்கில் ஒரே ஒரு சாதனம். ஆர்டர் அவசரத்தில் ரெண்டு ஷிப்ட் ஓட்டி ஒரு மணிக்கு வெளியே வந்து, டீக்கடையில் நின்று பார்ப்பவரும் அப்படித்தான்; ரேட்டிங்குக்கு அடிப்படை வீடு, கடை இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அங்கே ரேட்டிங் எடுக்கும் நீல்சன் நிறுவனம், பார், ஓட்டல், ஜிம் போன்ற இடங்களில் பார்ப்பவரையும் 2020 முதல் தேசியக் கணக்கில் சேர்க்கிறது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன மீட்டர் அதற்குப் பயன்படுகிறது. விளையாட்டு சேனல்கள் அதைக் கேட்டு வாங்கின என்றே சொல்லலாம்; கூடிப் பார்க்கிற கூட்டம் கணக்கில் வந்தால் விளம்பர ரேட் ஏறும் இல்லையா?

கணக்கில் வராதவருக்காக யாரும் பணம் போட மாட்டார்கள். 2022 உலகக் கோப்பையின் இந்திய உரிமையை வியாகாம்18 சுமார் 450 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக அப்போது செய்தி வந்தது. கத்தார் நேரத்தில் பல ஆட்டங்கள் நமக்கு 3.30, 6.30, 9.30 மணிக்கு வந்ததால் விளம்பரம் விற்க முடிந்தது. இறுதிப் போட்டியை 3.2 கோடிப் பேர் ஜியோசினிமாவில் பார்த்ததாக அந்த நிறுவனம் சொன்னது. இந்த முறை நேரம் 12.30, 3.30, 6.30 என்று சுற்றுகிறது. ராத்திரி மூன்றரை மணிக்கு சோப்பு விளம்பரத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? உள்ளூர் கால்பந்தின் நிலை அதைவிட மோசம். இரவு 7.30 என்ற பொன்னான நேரத்தில் ஆடியும், ஐஎஸ்எல் வர்த்தக உரிமைக்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விட்ட டெண்டருக்கு 2025 நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஆக, நேரம் மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை.

ஆனாலும் பார்வையாளர் இருக்கிறார் என்று தெரிந்தால் கடிகாரம் நகரத்தான் செய்கிறது. ஸ்பெயினின் லா லிகா, 2017 டிசம்பரில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆட்டத்தை ஆசிய ரசிகர்களுக்காகவே மதியம் 1 மணிக்கு வைத்தது. நமக்கு அது மாலை 5.30. வரும் மே 30 அன்று புடாபெஸ்டில் நடக்கும் சாம்பியன்ஸ் லீக் இறுதியும், வழக்கமான நள்ளிரவு 12.30-க்குப் பதிலாக இரவு 9.30-க்கே தொடங்கும். மைதானத்துக்கு வருகிறவர்கள் நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ஐரோப்பியச் சம்மேளனம் செய்த மாற்றம் அது. நமக்கு அடித்தது தற்செயல் யோகம். 2034 உலகக் கோப்பை நடக்கப்போவது நம்மைவிட இரண்டரை மணி நேரம் மட்டுமே பின்னால் இருக்கும் சவூதியில்.

அதுவரை, இந்த அட்டவணையில் வீரபாண்டிக்குக் கொஞ்சம் ஒத்துவருவது காலை நேர ஆட்டங்கள்தான். அமெரிக்கா, பராகுவே ஆட்டம் நமக்கு ஜூன் 13 காலை 6.30-க்கு. சனிக்கிழமை, சம்பள நாள். யாரும் லீவு போட மாட்டார்கள். தண்ணீர் இடைவேளை இரண்டையும் சேர்த்தால் ஆட்டம் முடிய கிட்டத்தட்ட 8.30 ஆகும். கடைசிப் பத்து நிமிடத்தை கம்பெனி கேட்டில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.