ஒன்பது வெற்றி கேட்ட ஊர்

சீசனுக்கு ஒன்பது வெற்றி. நெப்ராஸ்காக்காரர்களுக்கு ஒரு காலத்தில் இது மாதச் சம்பளம் மாதிரி. தேதி பிறந்தால் கைக்கு வந்துவிட வேண்டும். 1969 முதல் 2001 வரை, 33 ஆண்டுகள், நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி ஒருமுறைகூட ஒன்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. 2017-லிருந்து 2023 வரை ஏழு சீசன்களில் ஒன்றில்கூட ஐந்து வெற்றிக்கு மேல் ஏறியதும் இல்லை. இரண்டும் ஒரே அணி, ஒரே மைதானம், ஒரே சிவப்புச் சட்டை. நான் இந்த அணியின் ரசிகன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி ஆடுவதை நினைத்துவிடக் கூடாது. இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். அதிலும் கல்லூரி மாணவர்கள் ஆடுவது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகையே ஏறத்தாழ இருபது லட்சம்தான். பெரிய தொழில்முறை லீக் எதிலும் அந்த மாநிலத்துக்கு அணி கிடையாது. சோளக் காடும் மாட்டுப் பண்ணையும் போக, ஊர் பேசுவதற்கென்று இருப்பது லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியம்தான். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை அந்த மைதானமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள். 1962 நவம்பரில் தொடங்கி இன்றுவரை அங்கே ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை; வரிசை 400-ஐத் தாண்டிவிட்டது. அணி தோற்றுக்கொண்டே இருந்த நாட்களில், மிஞ்சிய டிக்கெட்டுகளை வசதி உள்ளவர்கள் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து இந்த வரிசையை அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1962-ல் வந்த பாப் டெவானிதான் இந்த அணியை அணியாக்கியவர். 1970, 1971 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம். 1973-ல் அவர் தன் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆஸ்போர்ன் கல்வி உளவியலில் முனைவர். அதிர்ந்து பேசாத மனிதர். 25 ஆண்டுகள் இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். எந்த ஆண்டும் ஒன்பதுக்குக் குறையவில்லை.

இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் போகும்: ஆஸ்போர்னையும் திட்டியிருக்கிறார்கள். பரம எதிரியான ஒக்லஹோமாவிடம் முதல் ஐந்து ஆண்டும் வரிசையாகத் தோற்றார். 1978-ல்தான் 17-14 என்று முதல்முறை வென்றார். அந்த சீசன் முடிந்ததும் பக்கத்து மாநிலமான கொலராடோ அழைக்க, போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். போயிருந்தால் வழியனுப்பக் கூட்டம் கூடியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில், சீசன் முடிவில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தோற்றார். பெரிய மேட்ச் என்றால் கை நடுங்குகிற ஆள் என்று பேசினார்கள். முதல் தேசியப் பட்டம் 1994-ல் வந்தது; அது அவருடைய 22-வது சீசன். பிறகு 1995-லும் 1997-லும். கடைசி ஐந்து ஆண்டுகளில் 60 வெற்றி, 3 தோல்வி.

22-வது சீசன்! இன்றைக்கு எந்தக் கோச்சுக்கு 22 சீசன் கொடுப்பார்கள்? முதல் பட்டத்துக்கு முன்பே நான்கு முறை வேலை போயிருக்கும்.

அந்த மனிதரின் குணத்தை ஒரே ஓர் ஆட்டத்தில் காட்டலாம். 1984 ஜனவரி 2, மயாமி, ஆரஞ்சு பௌல். தோல்வியே காணாத நெப்ராஸ்கா, மயாமி பல்கலைக்கழகத்திடம் 17-0 என்று பின்தங்கி, விரட்டி வந்து, கடைசி நிமிடத்தில் டச்டவுன் போட்டு 31-30 வரை நெருங்கிவிட்டது. இப்போது பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன். அன்று கூடுதல் நேரம் என்ற ஏற்பாடே கிடையாது; சமன் என்றால் அதோடு சரி, பட்டமும் அநேகமாக நெப்ராஸ்காவுக்கே வந்திருக்கும். ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. வெற்றி அல்லது தோல்வி என்று, பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்த்தால் கிடைக்கும் இரண்டு புள்ளிக்குப் போனார். டர்னர் கில் வீசிய பந்தை மயாமியின் கென் கால்ஹூன் விரல் நுனியால் தட்டிவிட்டார். பட்டம் போயிற்று. நியாயமாகப் பார்த்தால் ஊர் கொந்தளித்திருக்க வேண்டும். கொந்தளிக்கவில்லை. சமனுக்கு ஆடிப் பட்டம் வாங்காத மனிதர் என்று இன்றும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறோம். ஒரு கோச்சின் தோல்வியை ஊரே தன் பெருமையாக எடுத்துக்கொள்வது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 1995-ல் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர், முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் கைதானார். சில ஆட்டங்கள் தள்ளிவைத்துவிட்டு ஆஸ்போர்ன் அவரை மறுபடி களமிறக்கினார். அணியில் இருந்தால்தான் அந்தப் பையன் உருப்படுவான் என்பது அவர் வாதம். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது, எழுந்ததும் சரிதான். பழைய காலத்தைப் பாடுகிற ரசிகர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

சரி, அந்த ஒன்பது வெற்றி எங்கிருந்து வந்தது? கோச்சின் மூளை பாதி. மீதி, அன்று மற்றவர்களிடம் இல்லாத சில வசதிகள். முதலாவது எடைப்பயிற்சிக் கூடம். கம்பூன்றித் தாண்டும் மாணவர் பாய்ட் எப்லி, முதுகில் அடிபட்டு எடை தூக்கிக்கொண்டிருந்தார். அடிபட்ட ஃபுட்பால் பையன்களும் அவரைப் பார்த்துத் தூக்கினார்கள்; போனதைவிட வலுவாகத் திரும்பி வந்தார்கள். இதைக் கவனித்தவர் அன்று உதவிக் கோச்சாக இருந்த ஆஸ்போர்ன். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. எவனாவது ஒருவன் வேகம் குறைந்தாலும் உன் வேலை போச்சு என்று எச்சரித்துத்தான் டெவானி 1969-ல் எப்லியை வைத்துக்கொண்டார். கல்லூரி ஃபுட்பாலில் எடைப்பயிற்சிக்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் போட்டதில் நெப்ராஸ்கா முன்னோடி. பத்து ஆண்டுகள் போதும், எல்லாரும் பார்த்துச் செய்துவிட்டார்கள்.

இரண்டாவது தொலைக்காட்சி. எந்த அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பே முடிவு செய்துவந்தது. வெற்றி பெறும் ஒருசில அணிகள்தான் அடிக்கடி வரும். டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கும் பையனுக்கு லிங்கன் என்ற ஊரின் பெயர் தெரிந்தது அதனால்தான். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. எல்லாரும் திரைக்கு வந்தார்கள். கடலும் இல்லாத, மலையும் இல்லாத, குளிரில் விறைக்கும் ஊருக்குப் பையன்கள் ஏன் வரவேண்டும்?

மூன்றாவது ‘வாக்-ஆன்’ பையன்கள். எனக்குப் பிடித்ததும் இதுவே. உதவித்தொகை கிடையாது, சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் சேருவார்கள். அநேகமாகச் சின்ன ஊர்ப் பிள்ளைகள், விவசாயி மகன்கள். இரண்டு மூன்று வருடம் எடை தூக்கி, பயிற்சியில் பெரிய ஆட்களிடம் இடி வாங்கி, நான்காவது வருடம் களத்தில் நிற்பார்கள். வீட்டில் ஒரு பையன் சிவப்புச் சட்டை போட்டுவிட்டால் அந்த ஊருக்கே அணி சொந்தமாகிவிடும். உதவித்தொகைக்கு வரம்பு கட்டி, அதை 1994-க்குள் 85-ஆகக் குறைத்தபோதும் நெப்ராஸ்கா தாக்குப்பிடித்தது இவர்களால்தான். 150 பேருக்கு மேல் இருந்த படை அது. 2025-ல் வந்த நீதிமன்றத் தீர்வோடு அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. காத்திருந்து வளர்கிற பையனுக்கு அதில் இடம் குறைவு.

இந்த மூன்றையும் காலம் எடுத்துக்கொண்டது. அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் நான்காவதாக ஒன்று இருந்தது: பொறுமை. அதை யாரும் பிடுங்கவில்லை. நாங்களே தூக்கி எறிந்தோம்.

2003. ஆஸ்போர்னுக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச், 58 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு இருந்தார். முந்தைய ஆண்டு ஏழில் நின்று 33 ஆண்டு வரிசை அறுந்தது உண்மை. அந்த ஆண்டு மறுபடி ஒன்பதைத் தொட்டிருந்தார். அப்போதுதான் வேலையிலிருந்து நீக்கினார்கள். அணி சாதாரணமாகிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒக்லஹோமாவுக்கும் டெக்சஸுக்கும் லீகை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார் விளையாட்டு இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன். ஒரு மாதத்துக்கு மேல் ஆள் தேடி, தொழில்முறை லீகிலிருந்து பில் கேலஹனைக் கொண்டுவந்தார்கள். அவர் நாற்பது ஆண்டுப் பழக்கமான ஓட்ட ஆட்டத்தைக் கலைத்துப் பந்து வீச வைத்தார். 2004-ல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பிறகு முதல்முறையாகத் தோல்வி கூடுதலான சீசன். ஒரு காலத்தில் 36 ஆண்டுகள் தொடர்ந்து எங்களிடம் தோற்ற கான்சஸ், 2007-ல் எங்கள் மேல் 76 புள்ளி போட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அடுத்து வந்த போ பெலினி விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். ஏழு ஆண்டும் ஒன்பது அல்லது பத்து வெற்றி. முதல் ஆறு ஆண்டும் நான்கு தோல்வி. ஆனால் அந்தத் தோல்விகள் ஒவ்வொன்றும் அவமானம். 2012-ல் லீக் இறுதியாட்டத்தில் விஸ்கான்சின் 70 புள்ளி போட்டதை மறக்க முடியுமா? அவருடைய வாயும் சும்மா இருக்காது. ரசிகர்களைத் திட்டிய ஒலிப்பதிவே வெளியானது. 2014-ல் அவரை அனுப்பியதை அன்று என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அதன் பிறகு ஒன்பதைத் தொட்டது 2016-ல் ஒரே முறைதான்.

2018-ல் ஸ்காட் ஃபிராஸ்ட் வந்தார். நெப்ராஸ்காவில் பிறந்த பிள்ளை, 1997 பட்ட அணியில் பந்து வீசி ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக். அதற்கு முந்தைய ஆண்டு சென்ட்ரல் ஃபுளோரிடாவைத் தோல்வியே இல்லாமல் நடத்தியவர். ஊர் முழுக்கக் கொண்டாட்டம். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. 2021-ல் ஒன்பது தோல்வி, ஒவ்வொன்றும் ஒன்பது புள்ளிக்குள். அப்படித் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் 45-42 என்று தோற்ற மறுநாள் நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய ஒன்றரைக் கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. இந்தப் பைத்தியம் எங்களுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்.

இப்போது மேட் ரூல். எட்டு ஆண்டு, 7.4 கோடி டாலர் ஒப்பந்தம். டெம்பிளிலும் பேய்லரிலும் முதல் ஆண்டு அடிவாங்கி மூன்றாம் ஆண்டு பத்து, பதினொன்று என்று எழுந்தவர். ஆகவே நாங்கள் மூன்றாம் ஆண்டுக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். 2024 நவம்பரில் விஸ்கான்சினை 44-25 என்று வென்று ஆறாவது வெற்றி கிடைத்தபோது, எட்டு ஆண்டுக்குப் பின் ஒரு பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டோம் என்று துள்ளினோம். ஆறு வெற்றிக்குத் துள்ளல்! ஆஸ்போர்ன் காலத்து ரசிகர் ஒருவர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அதே சீசனில், எங்களைவிட நூறு மடங்கு தோல்விப் பெயர் எடுத்த இந்தியானா, புதுக் கோச் கர்ட் சிக்னெட்டியின் முதல் ஆண்டிலேயே எங்களை 56-7 என்று துவைத்துவிட்டு பதினொரு வெற்றிக்குப் போனது. பழைய கல்லூரியிலிருந்து தன் பையன்களையே கூட்டிவந்தார். ஆட்டக்காரர்கள் கல்லூரி மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் அவர்களுக்குப் பணமும் வந்த பிறகு ஓர் அணியை ஒரே கோடைக்குள் கட்டலாம். பொறுமையாக இருங்கள் என்று இனி எந்தக் கோச்சும் ரசிகனிடம் சொல்ல முடியாது, இந்தியானாவைக் காட்டுவான். கட்டியது அதே வேகத்தில் கலையவும் செய்கிறது. ஆஸ்போர்ன் காலத்துக் குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர் நான்கு ஆண்டு ஒரே இடத்தில் இருந்து இரண்டு பட்டம் வாங்கினார். அப்பா ஆடிய அணி என்று 2024-ல் வந்து சேர்ந்த குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா, இரண்டு சீசனில் போர்ட்டல் வழியாகக் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோச்சுகள் காலங்காலமாகச் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

2025 அக்டோபரில் ரூல் படித்த பென் ஸ்டேட்டில் கோச் பதவி காலியானது. அவர் போய்விடுவார் என்ற பேச்சு கிளம்பியதும் லிங்கன் அவசரமாக ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டியது. அந்த மூன்றாம் ஆண்டு சீசனில் கிடைத்ததும் ஏழு வெற்றிதான். ஒன்பது வெற்றிக்காரரைத் துரத்திய ஊர், ஏழு வெற்றிக்காரரைப் பிடித்து வைக்கப் பணம் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் நீட்டியது சரி. சோலிச்சுக்கு இதில் பாதி கொடுத்திருக்கலாம். அதற்காக நான் ஒன்பது கேட்பதை விடப்போவதில்லை. 2026 சீசனுக்கும் ஒன்பதுதான் கேட்கிறேன். எட்டில் நின்றால் ரூலை மாற்று என்று கத்தமாட்டேன், அவ்வளவுதான்.