சிறிய கார்களின் எஞ்சின் சிறுத்தது ஏன்? பத்மினி டாக்சி முதல் ஸ்விஃப்ட் வரை

மும்பை: பிரீமியர் பத்மினி கார்களில் கடைசியாக டாக்சியாகப் பதிவு பெற்ற வண்டி, 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிகளுக்கு வயது வரம்பு 20 ஆண்டுகள். ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் அந்தக் கறுப்பு-மஞ்சள் பத்மினி நகரின் டாக்சிப் பட்டியலில் இல்லை.

பத்மினியில் இருந்தது 1,089 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இன்று அதே டாக்சி நிறுத்தங்களில் காணப்படும் வேகன்ஆர் காரின் சிஎன்ஜி ரகத்தில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். ஓட்டுவதற்கு உற்சாகமான கார் என்று பெயரெடுத்த ஸ்விஃப்ட்டும் 2024 மே மாதம் நான்கு சிலிண்டரிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. சத்தமும் அதிர்வும் கூடிவிட்டன, சிறிய டீசல் எஞ்சின்களும் மறைந்துவிட்டன, எல்லாம் நிறுவனங்களின் சிக்கனப் புத்தி என்பது கார் ஆர்வலர்களின் நெடுநாள் குறை. குறையில் நியாயம் உண்டு. ஆனால் சிக்கனத்தை மட்டும் குற்றம் சொன்னால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். எஞ்சினின் அளவை முடிவு செய்ததில் பொறியாளர்களுக்கு இருந்த பங்கைவிட வரிவிதிப்புக்கு இருந்த பங்கு பெரிது.

குர்லாவில் உருவான வண்டி

வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை, செம்பூருக்கு அருகிலுள்ள குர்லாவில் இருந்தது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 1964-இல் ஃபியட் 1100 டிலைட் வந்தது. அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. கியர் கம்பி ஸ்டீயரிங்கின் பக்கத்தில் இருந்ததால் முன் இருக்கை நெடுகலாக இருந்தது. தலைக்கு மேலே சாமான் ஏற்ற இரும்புச் சட்டம். தெற்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய குடும்பம் பெட்டி படுக்கையுடன் தாராவிக்கோ மாதுங்காவுக்கோ போய்ச் சேர அந்தச் சட்டம் பெரும் உதவி.

கொல்கத்தா, அதைவிடப் பெரிய அம்பாசடரைத் தேர்ந்தெடுத்தது. மும்பை சிறிய ஃபியட்டைத் தேர்ந்தெடுத்தது. மும்பைத் தீவு நகரத்தில் டாக்சிக்கு இருந்த இடமும் தனி. கிழக்கே சயான், மேற்கே பாந்த்ரா ஆகிய எல்லைகளுக்குத் தெற்கே ஆட்டோக்களுக்கு இன்றும் அனுமதி இல்லை. செம்பூரில் வசிப்பவர் ஆட்டோவைக் கைகாட்டலாம். மாதுங்காவில் வசிப்பவருக்கு டாக்சியை விட்டால் பேருந்துதான். ஆகவே சிறிய கார் என்பது அங்கே அன்றாடத் தேவை.

பத்மினியின் புகழில் ஒரு பகுதி வேறு வழியின்மையால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமங்களின் காலத்தில் இந்தியாவில் கார் வாங்க முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டியில்லாத சந்தையில் எஞ்சினை மாற்ற எவருக்கும் அவசரம் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் இருந்ததும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். மூன்று சிலிண்டர் என்றால் மட்டமானது என்று இன்று முகம் சுளிப்பவர்களில் பலரது வீட்டின் முதல் கார் அதுவாக இருக்கும்.

4,000 மில்லிமீட்டர் கோடு

இன்றைய சிறிய காருக்கு இலக்கணம் வகுத்தது 2006-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட். அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சலுகை பெற இரண்டு நிபந்தனைகள்: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள்ளும் டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும்.

விளைவு விரைவில் தெரிந்தது. 2005-இல் அறிமுகமான ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எஞ்சின் 1,298 சிசி. கோட்டை 98 சிசி தாண்டி நின்ற அந்த எஞ்சின் 2010-இல் விடைபெற்று, 1,197 சிசி எஞ்சின் வந்தது. பழைய எஞ்சினின் உறுமலை நினைத்து ஏங்குவோர் இன்றும் உண்டு. ஸ்விஃப்ட் டிசையர் கதை இன்னும் வேடிக்கையானது. 2008-இல் வந்தபோது அதன் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012-இல் அதே பெயரில் வந்த புதிய காரின் நீளம் 3,995. இடையில் காணாமல் போன 165 மில்லிமீட்டரும் பெரும்பாலும் டிக்கியிலிருந்து வெட்டப்பட்டது. டாடா நிறுவனம் இதற்கு முன்பே, 2008-இல், இண்டிகோ சிஎஸ் மூலம் இந்த வழியைக் காட்டிவிட்டது. வால் நறுக்கப்பட்டதுபோல் தோன்றும் செடான் கார்கள் இந்தியச் சாலைகளில் பெருகியதற்குக் காரணம் அழகுணர்ச்சிக் குறைவு அல்ல, வரிச் சலுகை.

இதே இலக்கணம் ஜிஎஸ்டி காலத்திலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். ஒரு சிசி கூடினாலும் வரி இரட்டிப்புக்கு மேல் என்றால், எந்த நிறுவனம் கோட்டைத் தாண்டும்?

சிலிண்டர் குறைந்தால் என்ன ஆகும்?

வரம்புக்குள் நின்றபடி மைலேஜை உயர்த்த எளிய வழி, அதே கொள்ளளவை மூன்று சிலிண்டர்களில் அடக்குவது. உராயும் பாகங்கள் குறைகின்றன. எடையும் உற்பத்திச் செலவும் இறங்குகின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரிகிறது. மூன்றில் 240 டிகிரிக்கு ஒருமுறைதான். இந்த இடைவெளியாலும், எஞ்சின் முன்னும் பின்னுமாக ஊசலாடும் இயல்பாலும், சிக்னலில் நிற்கும்போது அதிர்வு கைக்குத் தெரிகிறது. புதிய ஸ்விஃப்ட்டின் திறன் முந்தையதைவிடக் குறைவு. ஆனால் அதன் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 25 கிலோமீட்டரை நெருங்குகிறது. வார இறுதியில் லோனாவ்லா மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு இது நஷ்டம். நாள் முழுதும் நெரிசலில் ஊர்ந்து மாதத் தவணை கட்டுபவருக்கு இது லாபம்.

வென்ற எஞ்சின், தோற்ற கார்

ஃபியட் நிறுவனம் இந்தியாவில் இரண்டாவது முறையும் ஒரு பெரிய எஞ்சினைத் தந்தது. 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின், 2005-இல் சர்வதேச அளவில் தன் பிரிவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருது பெற்றது. அதை உரிமம் பெற்று மானேசரில் சுஸூகி தயாரித்தது. புனே அருகே ரஞ்சன்காவில் ஃபியட்டும் தயாரித்தது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா எனப் போட்டியாளர்களின் கார்களிலும் அதுவே ஓடியதால், ‘தேசிய எஞ்சின்’ என்று ஆர்வலர்கள் பட்டம் சூட்டினர். அந்த எஞ்சினைக் கொண்ட மாருதி கார்கள் விற்றுத் தீர்ந்தன. சொந்தக்காரரான ஃபியட்டின் கார்களோ கனமான கட்டமைப்புக்காகப் புகழப்பட்டும் வாங்க ஆளின்றி 2019 வாக்கில் விற்பனையிலிருந்து விலகின. பழுது பார்க்கும் மையமும் உதிரிபாகமும் அருகில் கிடைக்குமா என்பதே வாங்குபவரின் முதல் கேள்வி. எஞ்சினைப் பாராட்டியவர்களில் பலரும் அந்தக் கேள்விக்கு மாருதியிடமே பதில் தேடினர்.

டீசலின் முடிவுக்கும் காரணம் எஞ்சினுக்கு வெளியே இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 விதிகளுக்கு ஏற்ப டீசல் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளைப் பொருத்தினால் சிறிய காரின் விலை எகிறும். டீசலைக் கைவிடுவதாக மாருதி 2019 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டு, சிஎன்ஜி பக்கம் திரும்பியது. மும்பை டாக்சிகள் அந்தப் பாதையில் ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தன.

அடுத்த கோடு: 909 கிலோ

2025-இல் சர்ச்சை எடைக்கு நகர்ந்தது. 2027 ஏப்ரல் முதல் அமலாக வேண்டிய எரிபொருள் சிக்கன விதிகளுக்கான வரைவு, 2025 செப்டம்பரில் வெளியானது. இந்த விதிகளின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களுக்கும் சராசரி கார்பன் உமிழ்வு வரம்பு உண்டு. கார்களின் எடை கூடினால் வரம்பும் தளரும். கனமான எஸ்யூவி விற்பவருக்கு இது வசதி, இலேசான கார் விற்பவருக்கு நெருக்கடி என்பது மாருதியின் வாதம். 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு அந்த வரைவு சலுகை அளிக்க முன்வந்தது. டாடா உள்ளிட்ட போட்டியாளர்கள் எதிர்த்தனர். அந்த எடைக்குள் வருபவை ஆல்டோ, செலிரியோ, வேகன்ஆர் எனப் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கார்கள் என்பதும், எடைக்குச் சலுகை கொடுத்தால் பாதுகாப்பில் கை வைக்க நேரும் என்பதும் அவர்களின் எதிர்வாதம்.

இரு தரப்பு வாதங்களிலும் வணிகக் கணக்கு ஒளிந்திருப்பதை மறைக்க முடியாது. நாட்டின் பயணிகள் வாகன விற்பனையில் பாதிக்கும் மேல் இப்போது எஸ்யூவி ரகங்கள். முதல் முறையாகக் கார் வாங்கும் தாராவி வியாபாரியோ, பழைய டாக்சியை மாற்ற வேண்டிய மாதுங்கா ஓட்டுநரோ கடையில் பார்க்கப்போகும் வண்டியின் விலையும் எஞ்சினும் இத்தகைய கோடுகள் எங்கே வரையப்படுகின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது.