கண்ணீரை மறைத்த 'சுகியாகி': அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஜப்பானியப் பாடலின் பின்னணி

1963 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் பில்போர்டு 'ஹாட் 100' இசைப் பட்டியலில் ஜப்பானிய மொழிப் பாடல் ஒன்று முதலிடத்தைப் பிடித்தது. கியூ சகமோட்டோ என்ற 21 வயது இளைஞர் பாடிய அந்தப் பாடல், 'சுகியாகி' என்ற பெயரில் அங்கு வெளியிடப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், எதிரி நாடாக இருந்த ஒன்றின் மொழியில் அமைந்த பாடல் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நீடித்தது.

சுகியாகி என்பது மாட்டிறைச்சியையும் காய்கறிகளையும் சேர்த்து வேகவைக்கும் ஜப்பானிய உணவு. பாடலில் உணவு குறித்து ஒரு சொல்கூட இல்லை. அதன் அசல் தலைப்பான 'உயே ஓ முயிதே அருகோ' என்பதற்கு 'அண்ணாந்து பார்த்தபடி நடப்போம்' என்று பொருள். கண்ணீர் சிந்திவிடாமல் இருக்க முகத்தை உயர்த்தியபடி இரவில் தனியே நடக்கும் ஒருவரின் துயரமே பாடலின் கரு.

போராட்டத்தின் தோல்வி

அந்தத் துயரத்திற்கு அரசியல் பின்னணி உண்டு. ஜப்பானில் அமெரிக்கப் படைத்தளங்கள் தொடர வழிசெய்யும் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960-ஆம் ஆண்டு லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் மிச்சிகோ கன்பா என்ற மாணவி உயிரிழந்தார். பிரதமர் நொபுசுகே கிஷி பதவி விலக நேர்ந்தது. ஆனால், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்தப் போராட்டத்தில் பங்கேற்று வீடு திரும்பிய கவிஞர் ரொகுசுகே எய், அந்த ஏமாற்றத்தையே பாடலாக எழுதினார். எனினும், போராட்டம் பற்றியோ ஒப்பந்தம் பற்றியோ அவர் எதையும் குறிப்பிடவில்லை. இதனால் காதலில் தோற்றவரும் அதைத் தம் பாடலாகவே கேட்க முடிந்தது. ஹச்சிடாய் நகமுரா இசையமைத்த பாடல், 1961-ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் ஒலித்து, இசைத்தட்டாகவும் வெளிவந்து ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது. ரொகு, ஹச்சி, கியூ ஆகியவை முறையே 6, 8, 9 ஆகிய எண்களைக் குறிப்பதால், மூவரும் '6-8-9 கூட்டணி' என அழைக்கப்பட்டனர்.

பெயர் மாறியது எப்படி?

ஜப்பான் சென்றிருந்த பிரிட்டனின் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பெஞ்சமின் இப்பாடலைக் கேட்டார். அவரது ஏற்பாட்டில் கென்னி பால் குழுவினர் அதன் மெட்டை மட்டும் ஜாஸ் இசையாகப் பதிவு செய்தனர். அசல் தலைப்பை உச்சரிப்பது கடினம் என்பதால், ஆங்கிலேயர்களுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் ஒன்று தலைப்பானது. பின்னர் கேபிடல் நிறுவனம் சகமோட்டோவின் பாடலை அமெரிக்காவில் வெளியிட்டபோதும் அப்பெயரே நிலைத்தது. 'மூன் ரிவர்' பாடலை ஜப்பானில் 'மாட்டிறைச்சிக் குழம்பு' என்று வெளியிடுவதற்கு இது சமம் என நியூஸ்வீக் இதழ் அப்போது கேலி செய்தது.

கன்பா உயிரிழந்து சரியாக மூன்று ஆண்டுகள் நிறைவடைந்த நாளில்தான் பாடல் முதலிடத்தை எட்டியது. அதை ரசித்த அமெரிக்கர்கள், தங்கள் நாட்டுடனான ஒப்பந்தத்தின் எதிரொலியே அது என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1981-ல் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' குழு ஆங்கிலத்தில் பாடியபோது, அது முழுமையான காதல் பாடலாகவே மாறிவிட்டது.

1985 ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவில் இருந்து ஒசாகா சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 520 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 43 வயதான சகமோட்டோவும் ஒருவர். 2011 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு ஜப்பான் மக்கள் மீண்டும் இப்பாடலைப் பாடினர்.