நிற்காத எஸ்க்யூஎல் ஜாப்

இணையப் புத்தகக் கடையில் ஆசிரியர் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு தட்டினாலும் சரியான நூல் வந்து நிற்கிறது. பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது விலையும் இருப்பும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் அல்ல, தனியாக நிற்கும் ஒரு தேடல் இண்டெக்ஸ். பலரும் பயன்படுத்தும் எலாஸ்டிக்சர்ச்சை ஷே பானன் 2010-ல் வெளியிட்டார். அதன் உள்ளே ஓடுவது டக் கட்டிங் 1999-ல் எழுதிய லூசீன். எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்பதை, நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கிறது.

ஆக, ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒத்துப்போக வைக்க, பின்னணியில் ஓயாமல் ஓடும் ஒரு நிரல் வேண்டும்; அதுதான் ஜாப். தொடர்ந்து வரும் தரவைக் கையாளும் அப்பாச்சி ஃபிளிங்கில் 'இன்சர்ட் இன்டு… செலக்ட்' என்று சில வரி எஸ்க்யூஎல் எழுதினால் போதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பின்லாக்கைப் படித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் இண்டெக்ஸுக்கு அனுப்பியபடி அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடுவதைவிட, விழுந்து எழுவதில்தான் ஜாபின் தரம் தெரியும். எதுவரை படித்தோம் என்பதைக் குறித்துவைக்க ஃபிளிங்க் அவ்வப்போது செக்பாயிண்ட் எடுக்கிறது. ஜாப் விழுந்தால் கடைசி செக்பாயிண்டுக்குத் திரும்பி, அதற்குப் பின் அனுப்பியதை மறுபடி அனுப்பும். 4172-ம் எண் புத்தகத்தின் விலை 250-லிருந்து 300 ஆனது என்ற செய்தி இப்படி இருமுறை போகலாம். டேபிள் வரையறையில் பிரைமரி கீ சொல்லியிருந்தால் 4172 என்பதே ஆவணத்தின் ஐடி ஆகும்; இரண்டாவது எழுத்து முதலாவதன் மேலேயே விழும், கெடுதல் இல்லை. சொல்லாவிட்டால் எலாஸ்டிக்சர்ச் ஒவ்வொரு முறையும் புது ஐடி போட்டுக்கொள்ளும். ஒரே புத்தகம் இருமுறை தெரியும், டேபிளில் நீக்கிய புத்தகம் தேடலில் நீங்காது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்ற எதைச் சீர்செய்தும் பயனில்லை என்பேன்.

இன்னொரு கண்ணி, மொத்தமாக எழுதும் பல்க் கோரிக்கையில் இருக்கிறது. எண் வரவேண்டிய விலையில் 'விலை கேட்கவும்' என்று ஒரு வரிசை வந்தால் அந்த ஆவணம் மட்டும் நிராகரிக்கப்படும். கோரிக்கைக்கோ 200, அதாவது வெற்றி, என்றே பதில் வரும். பதிலுக்குள் இருக்கும் பிழைக் குறியைப் பார்க்காத ஜாப் அதை ஓசையின்றி இழக்கும்.

விலைப் புலத்தின் வகையையே மாற்ற வேண்டுமா? இருக்கும் இண்டெக்ஸில் முடியாது. புது இண்டெக்ஸ் உருவாக்கி, இன்னொரு ஜாபால் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். அதுவரை பழைய ஜாபும் ஓடட்டும். எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு, தேடல் பார்க்கும் ஏலியஸை, அதாவது இண்டெக்ஸின் மாற்றுப்பெயரை, புதியதற்குத் திருப்பலாம். ஒரே கோரிக்கையில் முடிந்துவிடும். பழைய ஜாபை சேவ்பாயிண்டோடு நிறுத்தினால், புதியதில் குறை தெரியும்போது விட்ட இடத்திலிருந்தே அதை ஓட்டலாம். பின்லாக் கோப்புகள் மட்டும் அதற்குள் அழிந்திருக்கக் கூடாது, மைஎஸ்க்யூஎல் 8.0-ல் அவை இயல்பாக 30 நாள் இருக்கும்.