“பாட்காஸ்டில் கேட்டேன் சாமி…”



எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. எத்தியோப்பிய அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பான அலுவலர் அதில் அமர்ந்திருக்கிறார். எருசலேமில் வழிபாட்டை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார். பயண நேரத்தை வீணாக்காமல் எசாயாவின் ஏட்டை உரக்க வாசித்தபடியே போகிறார். திருத்தூதர் பணிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பேருந்தில் போகும் நம் இளைஞர்கள் என் நினைவுக்கு வருவார்கள். இப்போது இளைஞர்கள் மட்டுமா? சமையலறையிலும் தையல் எந்திரத்தின் முன்பும் மறையுரை கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இதைத்தான் பாட்காஸ்ட் என்கிறோம், தமிழில் வலையொலி. வானொலியில் நான் பேசும் நேரத்தில் நீங்கள் கேட்டாக வேண்டும். பாட்காஸ்ட்டை நீங்கள் நினைத்த நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், வேகத்தைக் கூட்டியும் கேட்கலாம். (ஞாயிறு மறையுரைக்கும் அந்த வசதி வேண்டும் என்று பீடச்சிறுவன் ஒருவன் என்னிடமே சொன்னான்!)

இதனால் விளைந்திருக்கும் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அருள்பணியாளர் மைக் ஷ்மிட்ஸ், விவிலியத்தை ஓராண்டில் வாசித்து விளக்கும் பாட்காஸ்ட்டை 2021 ஜனவரி 1 அன்று தொடங்கினார். நாளுக்கு ஒரு பகுதி, மொத்தம் 365. தொடங்கிய சில நாள்களிலேயே அந்த நாட்டின் ஆப்பிள் பாட்காஸ்ட் வரிசையில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அரசியலையும் சினிமாவையும் பேசும் நிகழ்ச்சிகளையெல்லாம் லேவியர் நூலையும் எண்ணிக்கை நூலையும் வாசிக்கும் ஒரு குரல் முந்தியது என்றால், மக்களுக்கு எவ்வளவு பசி இருந்திருக்க வேண்டும்! அதே 2021-இல் ‘த பில்லர்’ என்ற கத்தோலிக்கச் செய்தித்தளத்தைத் தொடங்கிய ஜே.டி. ஃப்ளின், எட் காண்டன் இருவரும் திருச்சபைச் சட்டம் படித்தவர்கள். தங்கள் பாட்காஸ்டில் வாராவாரம் சட்ட நுணுக்கங்களைச் சாதாரணப் பேச்சில் அலசுகிறார்கள். குருமடத்தில் இலத்தீன் சொற்களோடு மல்லுக்கட்டி நாங்கள் படித்த பாடத்தை இன்று ஓர் ஆட்டோ ஓட்டுநர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்க முடிகிறது. இது நல்ல காலம்தான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. மறைக்கல்வி நூலோ செபப் புத்தகமோ வெளியிட வேண்டுமானால் ஆயரின் இசைவு வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. அருள்பணியாளரும் துறவியரும் வானொலி, தொலைக்காட்சியில் விசுவாசத்தையும் அறநெறியையும் பற்றிப் பேசுவதற்கு ஆயர் பேரவை விதிமுறை வகுக்க வேண்டும் என்று எண் 831 சொல்கிறது. பொதுநிலையினர் ஒருவர் தம் வீட்டு அறையில் ஒலிவாங்கியை வைத்துப் பேசும் பாட்காஸ்டுக்கு அப்படி முன்கூட்டிய இசைவு எதுவும் தேவைப்படுவதில்லை. அதில் தவறும் இல்லை. திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தைச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் அதே சட்டத்தொகுப்பின் எண் 212 உறுதி செய்கிறது. அப்படியானால், கேட்பவருக்குத்தான் கவனம் வேண்டும்.

பேசுபவர் அங்கி அணிந்தவராக இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்று இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ராயல் ஓக் என்ற ஊரின் பங்குத்தந்தை சார்லஸ் காக்லின் 1926-இல் வானொலியில் பேசத் தொடங்கினார். முதலில் சிறுவர்களுக்கான மறைக்கல்வி. பொருளாதார வீழ்ச்சி வந்தபோது, வேலையிழந்த தொழிலாளர்களுக்காகத் திருத்தந்தையரின் சமூகப் போதனையை எடுத்துப் பேசினார். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அவருடைய ஆயரும் ஆதரித்தார். ஆனால் போகப்போக அந்தக் குரலில் யூதர்மீதான வெறுப்பு ஏறியது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட சில நாள்களிலேயே, அந்தக் கொடுமைக்குச் சாக்குச் சொல்வதுபோல ஓர் உரை ஆற்றினார். அவருடைய பொதுவாழ்வுப் பேச்சும் எழுத்தும் 1942-இல் பேராயர் எட்வர்ட் மூனியின் கட்டளையோடு நின்றன. அதற்குள் எத்தனை உள்ளங்களில் நஞ்சு இறங்கியிருக்கும்! தொழிலாளர் நீதி பற்றிய நல்ல போதனையும் யூத வெறுப்பும் ஒரே குரலில், ஒரே இனிமையோடு வந்ததால் கேட்டவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்றும் அப்படித்தான். ஒரே மூச்சில் பேசப்படும் அரைமணி நேரத்தில், கடவுள் மூவொரு இறைவன் என்ற விசுவாசக் கோட்பாடும் இருக்கும். இலத்தீன் திருச்சபையில் குருக்கள் மணம் செய்யாதிருப்பது போன்ற ஒழுங்குமுறையும் இருக்கும். பேசுபவரின் சொந்த விருப்பமும் இருக்கும். மூன்றுக்கும் எடை ஒன்றல்ல. நற்கருணையைக் கையில் வாங்குவது பாவம் என்று எங்கோ கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரை முறைத்துப் பார்க்கும் அளவுக்குச் சிலர் போய்விட்டார்கள். நாவில் வாங்குவது அழகான மரபு. அதை விரும்புகிறவர் தாராளமாக அப்படியே வாங்கலாம். கையில் வாங்குவதற்குத் திருச்சபை இசைவு தந்திருக்கும் இடத்தில் அதைப் பாவம் என்று சொல்ல எந்தப் பேச்சாளருக்கும் அதிகாரம் இல்லை.

எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பதையும் பாருங்கள். அமல அன்னைப் பெருவிழாவான டிசம்பர் 8 அமெரிக்காவில் கடன் திருநாள். அந்த நாட்டுக்காரர் தம் மக்களுக்குச் சொல்லும் கடமையைக் கேட்டு, வேலைநாளில் திருப்பலிக்கு வர முடியவில்லையே, சாவான பாவமாயிற்றே என்று இங்கே ஒருவர் கலங்கத் தேவையில்லை. (வர முடிந்தால் வாருங்கள். அது வேறு.)

இதைவிடப் பெரிய கலக்கம் 2025-இல் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில், சிறார் வன்கொடுமை பற்றி அறியவரும் அருள்பணியாளர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதற்கும் விலக்கில்லை என்று மே மாதம் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வருமுன்பே, ஜூலையில், ஒப்புரவு தொடர்பான அளவில் கூட்டரசு நீதிபதி ஒருவர் அதற்கு இடைக்காலத் தடை விதித்தார். பல பாட்காஸ்ட்களில் இது வாரக்கணக்கில் விவாதிக்கப்பட்டது. நம் ஊரில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “சாமி, இனிமே பாவசங்கீர்த்தனத்துல சொல்றது போலீசுக்குப் போயிருமா?”

போகாது, பாட்டி. ஒப்புரவின் இரகசியம் மீற முடியாதது. அதை நேரடியாக மீறும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். திருச்சபையின் இந்தச் சட்டம் எந்த நாட்டிலும் மாறாது. ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடக் கூடாது. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததென அறியும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒப்புரவுக்கு வெளியே, பங்கு அலுவலகத்தில், திண்ணையில், தொலைபேசியில் ஒரு குழந்தையோ தாயோ என்னிடம் சொல்வதற்கு அந்த அருளடையாள முத்திரை கிடையாது. குடும்ப மானம், பங்கின் பெயர், எதுவும் அங்கே காரணமாகாது; தெரிவித்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஒப்புரவிலேயே அதைச் சொன்னால், சட்டப்படி முறையிட அவருக்கு உள்ள உரிமையையும் வழியையும் எடுத்துச் சொல்ல குரு கடமைப்பட்டவர். அதையே வெளியே வந்து சொல்லும்படி அவரை அழைக்கவும் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள்.

இனி, இந்த உரையைத் தயாரிக்க என்னைத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு சகோதரி. கணவரின் குடியும் அடியும் பொறுக்க முடியாமல், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று, தாய்வீட்டில் தையல் வேலை செய்து பிழைத்தார். மறுமணம் எதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார்; கடைசி வரிசையில் அமர்வார்; நற்கருணை வாங்க மட்டும் எழமாட்டார். மகனின் புதுநன்மைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறைக்கல்வி ஆசிரியை அவரை என்னிடம் அழைத்துவந்தார்.

“ஏம்மா வாங்குறதில்ல?” என்றேன்.

“விவாகரத்து ஆனவங்க வாங்கக் கூடாதுன்னு பாட்காஸ்டில் கேட்டேன் சாமி. ரெண்டு வருஷம் ஆச்சு.”

அந்த ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். ஆங்கில நிகழ்ச்சி ஒன்றில் கேட்டதை ஒருவர் தமிழில் சுருக்கிச் சொல்கிறார். தொடக்கத்தில் ‘மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர்கள்’ என்று சரியாகவே சொல்கிறார். பேச்சின் வேகத்தில், பத்தாவது நிமிடத்திலிருந்து அது ‘விவாகரத்து ஆனவர்கள்’ என்று சுருங்கிவிடுகிறது. அந்தப் பத்தாவது நிமிடம்தான் இவர் மனத்தில் தங்கியது. ‘மறுமணம்’ என்ற ஒரு சொல் விழுந்துபோனதில், இரண்டு ஆண்டுகள் ஒரு தாய் ஆண்டவரின் பந்தியிலிருந்து விலகி நின்றிருக்கிறார்.

திருச்சபை சொல்வது என்ன? கணவரால் உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் எண் 1153 சொல்கிறது. பிள்ளைகளின் பராமரிப்புக்கும் சட்ட உரிமைகளுக்கும் நாட்டு நீதிமன்றத்தின் மணமுறிவு ஒன்றே வழி என்றால் அது ஒழுக்கக் குற்றம் ஆகாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2383. இப்படிப் பிரிந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் அருளடையாளங்களைப் பெற அந்த நிலை தடையாகாது என்று 1981-இல் குடும்பம் பற்றிய தமது ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவாக்கினார். அவர்களை நற்கருணையில் வலிமை பெறும்படி ஊக்குவிக்க வேண்டும் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்வு’ மடலில் எழுதினார். இதைச் சொன்னதும் அந்தச் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. ஒப்புரவு செய்தார். மகனின் புதுநன்மை அன்று அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

மறுமணம் செய்துகொண்டவர்களின் நிலை வேறு. அதிலும் ஒருவர் கதை இன்னொருவர் கதை அல்ல. முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியாகாததாக இருந்திருக்கலாம்; அதை ஆராய்ந்து சொல்வதற்கே மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் இருக்கிறது. ‘திருச்சபை விவாகரத்து’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அப்படி ஒன்று கிடையாது. இருந்த திருமணத்தைத் திருச்சபை முறிப்பதில்லை. உண்மையான திருமணம் அங்கே அமையவே இல்லை என்று கண்டறிந்து அறிவிக்கிறது. இந்த நடைமுறையை 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எளிதாக்கினார். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை.

இங்கேயும் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் நமக்குச் சொல்லாத ஒன்று உண்டு. இந்தியாவில் திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்முன் திருமணத்தை முடித்துவைக்காது. அதற்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே திருச்சபையின் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதுபோல, நாட்டு நீதிமன்றத்தின் மணமுறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஆலயத்தில் மணமுடிக்க வர முடியாது. கதவுகள் இரண்டு, இரண்டையும் தட்ட வேண்டும்.

பாட்காஸ்டில் பேசுபவருக்குச் சட்டம் தெரிந்திருக்கலாம், உங்களைத் தெரியாது. அந்த எத்தியோப்பியரின் கையில் இருந்தது இறைவார்த்தையே. ஆனாலும் பிலிப்பு ஓடிவந்து, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டு, தேரில் ஏறிப் பக்கத்தில் அமர்ந்து, அவர் எந்த வரியில் திணறினாரோ அந்த வரியிலிருந்தே விளக்கத் தொடங்கினார்.

எனவே, நேயர்களே, கேட்டது ஏதேனும் மனத்தை அழுத்தினால், அருளடையாளத்தை விட்டு நீங்களாக விலகிவிடும் முன் உங்கள் பங்குத்தந்தையைப் பாருங்கள். நிகழ்ச்சியின் பெயரையும் எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் கைப்பேசியையே எடுத்துவாருங்கள், சேர்ந்து கேட்கலாம். திருமண வழக்கு என்றால் திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றோடு வாருங்கள். விண்ணப்பம் எழுதப் பங்குத்தந்தை உதவுவார். பணமில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். செலவைத் தாங்க முடியாதவர் அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.